குப்பையில்லாத சந்து

நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு எங்கள் சந்து முனையிலிருந்த இரும்புக் குப்பைத்தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கல்லூரிக்குப் போகும் பேருந்துக்காக நான் அங்கேதான் நின்றிருந்தேன். இனி ஊரில் தொட்டியே கிடையாது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துவைத்துக் காலையில் வரும் வண்டியில் கொடுத்துவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. அந்தத் தொட்டியைக் கரடி கவிழ்ப்பதும், யாரோ தீ வைத்துவிட அது நாள் முழுதும் புகைந்துகொண்டிருப்பதும் வழக்கமாக இருந்தன.

குன்னூருக்குக் கீழே, சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நகரம் அது. நான் சமவெளியிலிருந்து முதுகலைத் தமிழ் படிக்க வந்தவள். தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஓர் அக்காவின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அவருடைய கணவர் இறந்துவிட்டார். மகள் திருப்பூரில் வாழ்ந்தாள். அக்காவும் நானும் தனித்தனியே சமைத்தோம், தனித்தனியே உண்டோம். காலையில் மட்டும் ஒரு சந்திப்பு உண்டு. குளியலறையை ஒட்டியிருந்த விறகு பாய்லரில் வெந்நீர் போட்டு, ஒரு வாளி நிறைய என் கதவருகே அவர் கொண்டுவந்து வைப்பார்.

“ஏன் அம்மணி, சூடு பத்துமா? இன்னொரு செம்பு ஊத்தட்டா?”

“போதுங்க்கா.”

விடுமுறை நாட்களில் நான் வாய் திறந்து பேசும் ஒரே சொல் அதுவாகவே இருக்கும்.

எங்கள் சந்து என்பது உண்மையில் ஒரு படிக்கட்டு. வண்டி கீழே சாலையில் நின்று பாட்டுப் போடும். சற்று நேரத்தில் நகர்ந்துவிடும். அக்காவுக்கு முழங்கால் வலி. காய்கறித் தோலைப் பின்புறத்துச் செடிகளுக்குப் போட்டார். மற்றவற்றை, அதாவது பால் பாக்கெட், பிஸ்கட் உறை, எண்ணெய்க் கவர் எல்லாவற்றையும், பாய்லர் வாயில் திணித்தார். விறகும் மிச்சம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சந்தில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது. விடியற்காலையில் ஒவ்வொரு கூரைக் குழாயிலிருந்தும் புகை வந்தது. பனிக்காலத்தில் அது மேலே எழுவதில்லை. சரிவின் மடியில் தேங்கி, ஈரத்துணிபோல் சன்னல்களில் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே கேட்பார்: “என்னக்கா, இன்னைக்கு உங்கூட்ல பிஸ்கட் கவர் கொழம்பாட்ட இருக்குது?”

“உங்கூட்ல நேத்து செருப்புப் பொரியலு. அத நாங்க கேட்டமா?”

இருவரும் சிரிப்பார்கள். நான் சன்னலுக்கு உட்புறம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

டிசம்பரில் நகராட்சியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் படியேறி வந்தார். சந்துக்காரர்களை நிற்கவைத்துப் பாராட்டினார். “இந்தச் சந்துலிருந்துதாங்க குப்பை ரொம்பக் கம்மியா வருது. மத்தவங்க உங்களப் பாத்துக் கத்துக்கோணும்.” எல்லோர் சார்பிலும் அக்காவின் கையில் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அக்கா அந்தப் பையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். சாலை உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி மலையைப் படம் எடுத்தார்கள்.

எனக்குச் சிறுவயதில் விட்டுப்போன இளைப்பு அந்த மாதம் திரும்பி வந்தது. படுத்தால் மூச்சு சீழ்க்கையடித்தது. சுவர்மேல் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “புகையில்லாத இடத்துக்கு மாறுங்க. முடியலைன்னா குளிர் முடியற வரைக்கும் ஊருக்குப் போயிடுங்க” என்றார். ஊருக்குப் போனால் வருகைப்பதிவு குறைந்து இறுதித் தேர்வு எழுத முடியாது. மாறுவதற்கு வேறு அறை பார்த்தேன். பார்த்த வீடுகளிலெல்லாம் பாய்லர் இருந்தது.

ஆகவே பேச வேண்டியதாயிற்று. என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பல நாட்கள் மனத்துக்குள் எழுதித் திருத்தினேன். ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, அக்கா முன்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். தயாரித்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அக்கா, பாய்லர்ல கவரெல்லாம் போடாதீங்க. எனக்கு மூச்சு விட முடியலைங்க.”

முறம் நின்றது.

“நாந்தான் போடறனா? சந்தே போடுது.”

“தெரியுங்க்கா. ஆனா நம்ம குழாய் என் சன்னலுக்கு நேரா இருக்குங்க.”

“அப்ப உன்ற நெஞ்சு நோவுக்கு நாந்தான் காரணம்ங்கற.”

“அப்படிச் சொல்லலைங்க.”

“உனக்குன்னு தானே அம்மணி வெள்ளென எந்திரிச்சுப் பத்த வெக்கிறேன். எனக்கு எதுக்கு ஒரு வாளி?” அவர் குரல் உயரவில்லை. “குப்பய எறிஞ்சாத் தப்பு, எரிச்சாத் தப்பு. என்ற முட்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணோணும்?”

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடையில்லாமல் என் கோரிக்கையை மட்டும் கொண்டுபோய் நீட்டியிருந்தேன் என்பது, அறைக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகே உறைத்தது. அன்று எங்கள் சுவருக்கு இருபுறமும் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வாளி இல்லை. எங்கள் குழாயில் புகையும் இல்லை. மற்ற குழாய்களில் இருந்தது. முகத்தை மட்டும் பச்சைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு அக்காவின் கதவைத் தட்டினேன். “மக்காத குப்பையைக் குடுங்க்கா, நான் கீழ கொண்டு போறேன்” என்றேன். பிறகு கதவு ஒரு கை அளவுக்குத் திறந்து, கட்டிய சாக்கு ஒன்று வெளியே வைக்கப்பட்டது. அவர் முகம் தெரியவில்லை.

சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கனம் அதிகமில்லை, ஆனாலும் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கீழே வண்டியின் பாட்டு இன்னும் தொடங்கவில்லை. நின்ற படியின் பக்கத்தில் ஒரு நீலக் கதவு, மேலே அந்த வீட்டுக் குழாயில் புகை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. சாக்கைத் தரையில் வைத்துவிட்டு, அவர்கள் குப்பையையும் கேட்டு வாங்கிக்கொள்ள அந்தக் கதவைத் தட்டினேன்.