அம்மா எடுத்த வசவுப் பாடம்

நான் வாசலுக்கு வருமுன்பே வந்துவிடும் முன்பற்கள் எனக்கு. ஏழாம் வகுப்பு வரை அதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. குன்னத்தில் எங்கள் பள்ளியில் காலை வணக்கத்தின்போது செய்தி வாசிப்பவள் நான்தான். அதில் ஏகப்பட்ட பெருமை வேறு. ஒரு வியாழக்கிழமை, வரிசையிலிருந்து எவளோ ஒருத்தி “தேங்காத்துருவி” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் அதுவே என் பெயராகிவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனிமேல் செய்தி வாசிக்கப் போவதில்லை என்று அழுதேன்.

அப்பா குதித்தார். “என்னா பேச்சுப் பேசுறாளுவோ! நாளைக்கே வந்து சார்கிட்ட கேக்குறேன்.”

விற்பனைக்குப் போகவேண்டிய சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளை அரிவாள்மணையில் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “போயி கேளுங்க, வேணாங்கல. சார் எத்தன நாளைக்கு இவ கூடவே வருவாரு?” என்றவள், என்னிடம் செய்தித்தாளைக் காட்டி, “படி” என்றாள்.

ஒரு வரி முடிப்பதற்குள், “அடி துருவி, ரெண்டு மூடி தேங்கா கெடக்கு, வாடி” என்றாள். பெற்ற தாய்! நான் ஓவென்று அழ, அப்பா அவளுக்குப் பைத்தியமா என்று கத்தினார். அம்மா அசரவில்லை.

“வலிக்குதா? வலிக்கத்தான் செய்யும். வலிச்சாலும் அந்த வரிய முடி.”

மறுநாள் அப்பா வந்து பேசினார், சாரும் வகுப்பைக் கண்டித்தார். வீட்டில் மட்டும் வசவு நிற்கவில்லை. நான் படிப்பேன், அம்மா வைவாள். யாரிடமும் அதிர்ந்து பேசாத அம்மாவிடம் இவ்வளவு சரக்கா என்று எனக்கு ஆச்சரியம். “மழ வந்தா பல்லு நனையும், கொட எடுத்துட்டுப் போடி” என்றபோது சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததற்காக முதலிலிருந்து படிக்க வைத்தாள்.

திங்கட்கிழமை வாசிக்கப் போனேன். பாதியில் “துருவி” என்று மெல்ல ஒரு குரல் கேட்டது. வலிக்கத்தான் செய்தது. அந்த வலியோடேயே அடுத்த வரிக்குப் போனேன். மழை நிலவரம் வரை வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அன்று மாலை எனக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னும் திட்டும்மா” என்று கேட்டேன். பல்லைப் பற்றிச் சொல்ல மிச்சமில்லை போலும். அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடியே, வேறொரு குரலில், “சோத்துக்கில்லாத வூட்டுலேருந்து வந்தவளுக்கு வாயப் பாரு” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “இதெல்லாம் ஸ்கூல்ல யாரும் சொல்ல மாட்டாங்கம்மா!”

அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டு வேலை எதையும் தொடாத மனிதர், அம்மாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அரிவாள்மணையில் தான் உட்கார்ந்தார்.

அது அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் இதே வீட்டில் கேட்ட வசவு என்பதும், அப்போது அப்பா வாய்திறக்காமல் பக்கத்தில் நின்றிருந்தார் என்பதும் எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது. அன்று எனக்குப் புரிந்தது, அப்பாவுக்கு வெங்காயத் தாள் அறுக்க வராது என்பது மட்டும்தான்.