"தெரியாது" என்ற பக்கத்து வீடும் என் போர்ச்சுகல் விசாவும்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடித்துப்பிடித்துப் பசியாவரத்துக்குக் கிளம்பினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் அந்தத் தீவில்தான் என் வீடே. அங்கே உட்கார்ந்தபடி வெளிநாட்டுக் கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கிறவள் நான். அந்த வாரம் விசா அலைச்சலுக்காகச் சென்னையில் தோழி அறையில் தங்கியிருந்தேன்.

இப்படித் தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்களுக்குச் சில ஐரோப்பிய நாடுகள் குடியிருப்பு அனுமதி தருகின்றன. மூன்றைப் பார்த்தேன். எஸ்டோனியா ஒரு வருடத்தோடு சரி. ஸ்பெயினில் ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்பானிஷில் மொழிபெயர்த்து முத்திரை வாங்க வேண்டும். போர்ச்சுகலில் ஸ்பெயினைவிட வருமானம் கூடுதலாகக் காட்ட வேண்டும், ஆனால் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு தங்கலாம். என் சம்பளம் மயிரிழையில் தேறியது, அதையே பிடித்துக்கொண்டேன்.

விசா மையத்தில் காகிதங்களைக் கொடுக்க எனக்குக் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை. என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழும் வைக்க வேண்டும். திங்களன்று இணையத்தில் அந்த விண்ணப்பத்தைத் திறந்தால், 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று கிடந்தது. இந்த நேரத்தை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். செப்டம்பர் முடிவதற்குள் ஐரோப்பாவுக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லியிருந்தது.

சென்ட்ரலில் 6.20க்குக் கும்மிடிப்பூண்டி மின்ரயில். பொன்னேரிக்கு ஒரு மணி நேரம், பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி. தீவுக்குப் பாலம் வேலை அப்போது முடியவில்லை, அதனால் படகு, இருபது ரூபாய்.

"இன்னாம்மா, உன்ன போலீஸ் தேடுதாமே?" என்றார் படகுக்காரர். எனக்கு முன்பே செய்தி தண்ணீரைத் தாண்டியிருந்தது.

முகவரியை விசாரிக்கப் போலீஸ்காரர் வந்த அன்று அப்பா ஏரியில், அம்மா பொன்னேரிச் சந்தையில். வீடு பூட்டு. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவைத்தான் விசாரித்திருக்கிறார். அக்கா கையால் இறால் பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்தார்.

"ஏங்க்கா தெரியாதுன்னே?"

"நீ இன்னா பண்ணியோனு பயந்துட்டேன். உன்ன மாட்டிவுடச் சொல்றியா? அவரு கையெழுத்து வேற கேட்டாரு."

அங்கேதான் சிக்கல். முன்பு யாரோ வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப்போய்க் கரைநிலத்துக்கு உரிமை கேட்டார்கள். அதிலிருந்து, வெளியாள் நீட்டும் காகிதத்தில் ஊர்க் கூட்டத்தைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது கட்டுப்பாடு. எனக்குத் தெரிந்த கட்டுப்பாடுதான். விண்ணப்பித்தபோது ஒரு வார்த்தை சொல்லி வைக்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஊரே ஒரு குடும்பம் என்று பேசுகிறவளுக்கு இந்த மடத்தனம்!

மதியம் படகுகள் திரும்பியதும் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பெரியவர் ஒருவர் விண்ணப்பத்தை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதுல நிலம் எதுவும் இல்லியே?"

"இல்லீங்க."

"அப்ப போடுங்கப்பா."

அழுகையே வந்துவிட்டது. மறுநாள் செல்வி அக்காவும் எதிர்வீட்டு அண்ணனும் அன்றைய ஏரி வேலையை விட்டுவிட்டு, என்னைத் தெரியும் என்று சாட்சிக் கையெழுத்துப் போடக் காவல் நிலையத்துக்கு வந்தார்கள்.

"எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றார் அதே போலீஸ்காரர்.

"பொறந்ததுலேந்து சார். அன்னிக்கு மட்டும்தான் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். வியாழன் மாலை சான்றிதழ் வந்தது. வெள்ளிக்கிழமை விசா மையத்தில் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இரண்டு இளநீர் குடித்தேன். ஆறு வாரத்தில் விசா கிடைத்தது.

நீங்களும் போவதாக இருந்தால்: போலீஸ் சான்றிதழுக்கு முதலில் போடுங்கள். விசாரணை முடியும்வரை வீட்டைவிட்டு நகராதீர்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருமான விதிகள் மாறும், தூதரகப் பக்கத்தில் சரிபாருங்கள்.

கிளம்பிய அன்று படகுத்துறையில் செல்வி அக்கா கேட்டார்: "அந்த ஊர்ல யாராச்சும் வந்து விசாரிச்சா, உன்னத் தெரியும்னு சொல்ல யாரு கீறாங்க?"

லிஸ்பனில் இறங்கிய முதல் நாள், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.