மூன்றாம் நடைமேடையில் கேட்காத குரல்

நல்ல மனிதர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு, அவருடைய கெட்ட குணத்தை அமுக்கி வாசிப்பது நமக்குப் பழக்கம். 'ஒயர்' விஷயத்தில் அது முடியாது. மனிதர் மகா பொறாமைக்காரர். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி மெக்கானிக்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பொறாமை யார்மேல் என்றால், காது உள்ள எல்லார்மேலும். ஏனென்றால் அங்கே அறிவிப்புச் சொல்பவள் அவருடைய மனைவி.

அவள் குரல் அப்படி. பேருந்து புறப்படப் போகிறது என்பதைக்கூடச் சொந்தக்காரி வந்து கூப்பிடுவதுபோலச் சொல்வாள். கேட்டவர்கள் முகம் மலரும், ஒயருக்கு வயிறு எரியும்.

"பஸ் கிளம்புதுன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு இவ்வளவு குழைவு?"

"எரிஞ்சு விழுந்தா யாரு ஏறுவாங்க?" என்று அவள் சிரிப்பாள். இந்தச் சிரிப்பும் மைக்கில் போகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அறிவிப்பு அறை கண்ணாடி போட்டு மூடியது. வெளியே கேட்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தினம் காலையில் அவள் சோதனைக்குப் பேசுவாள். இவர் ஒவ்வொரு ஒலிபெருக்கிக் குழாய்க்கும் கீழே நின்று கேட்டுவிட்டு வந்து, கண்ணாடிக்கு வெளியே கை தூக்கிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அவள் வேலை தொடங்கும்.

மூன்றாம் நடைமேடைக்கு ஒருவர் தினம் வந்துகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, தேய்த்த சட்டை. குழாய்ப் பக்கம் முகத்தைத் தூக்கிப் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். தூரத்திலிருந்தே ஒயர் அவருக்கு 'மைனர்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒருநாள் காலை அந்தக் குழாயின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்து, வழக்கம்போலக் கை தூக்கிக் காட்டினார்.

மத்தியானம் மேலாளர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். உள்ளே மைனர் உட்கார்ந்திருந்தார். மடியில் மடக்குக் கோல்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க. இவங்க குரலை வச்சுத்தான் தினம் பஸ் ஏறுவேன். இன்னைக்குக் கூப்பிடவே இல்ல. பக்கத்துல விசாரிக்கிறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில என் சம்சாரம் காத்துக்கிட்டு இருப்பா. பாக்கிற நேரமும் முடிஞ்சுபோச்சு."

ஒயரின் முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் ஒயரின் மனைவியைப் பார்த்துக் கத்தினார். "தூங்கிட்டீங்களா? நாளையிலேருந்து வர வேண்டாம்!"

"நான் கூப்பிட்டேன் சார். எல்லாம் கேக்குதுன்னு காலையில இவர் கை காட்டினார். இவர் காட்டினா அது சரியாத்தான் இருக்கும்."

இணைப்பை எலி கடித்திருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். அவள் வேலையும் தப்பும், இவர் மானமும் தப்பும். மேலாளரும் தலையாட்டியிருப்பார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த எலியைத்தான் தேடியிருப்போம். ஒயர் தேடவில்லை.

"நான்தான் சார் பிடுங்கினேன். இவ குரலை அவர் ரசிக்கிறாருன்னு எனக்குப் பொறுக்கல."

ஒயரின் வேலை அங்கேயே போயிற்று, அவள் வேலை தப்பியது. அவர் அதற்காக நிற்கவில்லை. பார்வையற்றவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரை மனைவியின் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். இந்த மனிதரைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எலி மேல பழி போட்டிருந்தா நான் நம்பியிருப்பேன். ஏன் சொன்னீங்க?"

"அவங்க ரெண்டு பேர் முன்னாடி என்னை நம்பினியே. அதைத்தான் தாங்க முடியல."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அவருடைய சட்டைதான்.

"இனிமே உங்களை நம்பி அந்தக் கஷ்டத்தைக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

ஒயர் எதிரே உட்கார்ந்து, மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தார்.