புஸ்பவதிக்கு எழுதாத கடிதம்

கதிர்காமநாதனுக்கு ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு துண்டுக் காணியும், மனைவி புஸ்பவதியும், ஒரு இடியன் துவக்கும் இருந்தன. குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, தண்டால் இடித்து நிரப்புகிற பழைய துவக்கு அது. மான், பன்றி சுடுவான். ஒன்றும் அகப்படாத நாளில், வீட்டுக்கு வரமுன் குளக்கட்டில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பான். நிரப்பிய இடியனைக் காலியாக்க அதுதான் சுலபமான வழி. அந்தச் சத்தம் கேட்டதும் இன்றைக்கு இறைச்சி இல்லை என்று புஸ்பவதி கத்தரிக்காய் அரியத் தொடங்குவாளாம். எப்படியும் வீட்டுக்குள் வரும் துவக்கு வெறும் துவக்குத்தான்.

எண்பத்தைந்தில் ஒரு மாலை ஆமி ஜீப்புகள் குளத்தடியில் நின்றன. துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு. வெடி வைக்காமல் பின்பக்கத்தால் வந்து, புஸ்பவதி பார்த்திருக்க இடியனைக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டுக் காட்டுக்குள் ஓடினான். பிறகு கொழும்பு, கிழக்கு பேர்லின், கடைசியில் ஹனோவருக்குப் பக்கத்தில் எங்கள் அகதி விடுதி. எனக்கு அடுத்த கட்டில்.

விடுதியில் இருந்த அகதிகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் கூட்டித் துடைக்க மட்டும் நகரசபை அனுப்பும். அவனை அனுப்பியது ஊர்ச் சுடுவோர் கழகத்துக்கு. ஞாயிறுகளில் அங்கே கிழவர்கள் பழங்காலத்துத் துவக்குகளால் காகித வட்டங்களைச் சுடுவார்கள். எங்கள் ஊரை எரித்த சாமான் இவர்களுக்கு விளையாட்டு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனோ மருந்துப் புகையை மணந்துகொண்டு நிற்பான்.

எண்பத்தேழு ஜூன் மாதம். கழகத்துக் காவலர் பிராண்டஸ் ஒரு துவக்குக்குள் தண்டை விட்டுக் காட்டினார். தண்டில் ஒரு கோடு. கோடு வாயோடு நின்றால் துவக்கு வெறுமை. மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அந்த நேரத்தில்தான் இவனுக்கு ஞாபகம் வந்தது. இருபது வருட வேட்டைக்காரன் இதை மறப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவனைக் கேளுங்கள்.

அறைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே என் கட்டிலில் வந்து இருந்தான்.

"அண்ணை, கூரைக்குள்ள கிடக்கிறதுக்கு மருந்து இருக்கு. மருந்தைப் பத்தவைக்கிற கேப்பைக் கழட்டினனோ எண்டும் ஞாபகமில்லை. அது நிரப்பினபடி கிடக்கெண்டு புஸ்பத்துக்குத் தெரியாது. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

நான் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவன். எந்தக் கடிதத்தை ஆமி உடைத்துப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்.

"விசர்க்கதை கதையாதை. துவக்கு எண்டு ஒரு சொல்லு எழுதினால் ஆமி வீட்டையே கொளுத்திப்போடும். ரண்டு வருசமாக் கிடந்தது இன்னும் ரண்டு மாசம் கிடக்கும். ஆரும் ஊருக்குப் போகேக்க சொல்லிவிடுவம்."

அவன் என்னை நம்பினான். ஆறு கிழமை ஒருவரும் போகவில்லை.

ஜூலைக் கடைசியில் ஊரில் சமாதான ஒப்பந்தம் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று விடுதியில் கேசரி கிண்டினார்கள். "இனி எழுதலாம்" என்று நானே பேனையை எடுத்தேன். கிட்டப் போகாதே, துவக்குப் பழக்கமான யாரையேனும் கூப்பிட்டு, மருந்து நனையத் தண்ணீர் ஊற்றச் சொல் என்று விவரமாக எழுதி, மறுநாளே தபாலில் போட்டோம்.

செப்டெம்பரில் அவளுடைய தமையனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்ட, நான்தான் வாசித்தேன். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். இனிப் பயமில்லை, கொடுத்துவிடலாம் என்று புஸ்பவதி வாங்கில் ஏறி, கூரையிலிருந்து துவக்கை வாய்ப்பக்கம் பிடித்து இழுக்க, அது வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் கடிதம் அவள் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று போய்ச் சேர்ந்ததாம்.

அவன் அழவில்லை. அடுத்த ஞாயிறும் கூட்டப் போனான். தனியே விடப் பயந்து நானும் போனேன். சுவரோரம் நிறுத்தியிருந்த துவக்குகளில் ஒவ்வொன்றாகத் தண்டை விட்டுப் பார்த்துக்கொண்டு போனான். எல்லாம் வெறுமை என்று பிராண்டஸ் தலையாட்டியும் அவன் நிறுத்தவில்லை.

அவன் என்னை ஒருநாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசித் துவக்கில் தண்டை விட்டபடி கேட்டான்.

"அண்ணை, ஜூன்லயே எழுதியிருந்தாலும் ஆமி உடைச்சுத்தானே பாத்திருக்கும்?"

"ஓம்" என்றேன்.