ஞாயிற்றுக்கிழமைக் குரல்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அவருக்கு ‘ஃபாரின் அக்கா’ என்று பெயர். பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவர்களின் தாள்களைப் பார்ப்பது அவர் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. பதினோரு வருடத்தில் அவர் ஒரு முறைகூடத் தொலைபேசியைக் காதில் வைத்து நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் என்னைப் பார்ப்பார், நான் எடுப்பேன். காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். காரணத்தை ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார்.

பதினேழு வயதில் அவரும் அப்படி ஒரு வருடம் போனவர். அப்பா பஸ் கண்டக்டர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அம்மா ஒரு மாதம் முணுமுணுத்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும் அன்று மகளிடம் மட்டும் சொன்னார்.

“ரூமுக்குள்ள உக்காந்து அழுதுகிட்டு இருக்காத. யாரு எதுக்குக் கூப்பிட்டாலும் சரின்னு சொல்லு. தெரியலன்னா கத்துக்க. ஒரு வருஷந்தான், திரும்பக் கிடைக்காது.”

முதல் மூன்று வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததுதான் நடந்தது. நான்காவது வாரம், அவர் தங்கியிருந்த வீட்டம்மா, நூலகத்தில் வேலை பார்த்தவர், விடிந்ததும் எழுப்பி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே படகுக் குழு ஒன்றில் ஓர் இருக்கை காலி. “வர்றியா?” என்று கேட்டார்கள். அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. சரி என்றார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனால் அன்று இரவு அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிட்டார்.

அப்புறம் நிற்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை பாட்டுக் குழு. வியாழக்கிழமை காட்டுப் பாதையில் ஓட்டம். வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது. அங்கே ஒரு தாத்தா விளையாட்டுப் பக்கத்தை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு தரமும் உச்சரிப்பைத் திருத்துவாராம். வகுப்பில் வராத மொழி அந்தப் பக்கத்தில் வந்தது. கடைசியாக நாடகக் குழுவும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கை தூக்கவே யோசித்த பெண் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பேசுவார். அப்பாவோடு பேச்சு இரண்டு நிமிடம் தாண்டாது. “சாப்பிட்டியா? உடம்பு நல்லா இருக்கா? சரி, வெச்சிடறேன்.” படகைப் பற்றி ஆரம்பித்தால் “நல்லது, நல்லது” என்பார். ஓடும் பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது போலவே எப்போதும் பேசுகிற மனிதர்.

ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை நாடகம் நடந்தது. அவருக்கு வீட்டு வேலைக்காரி வேடம், மூன்றே வசனம். மூன்றாவது வசனத்துக்கு அரங்கமே சிரித்தது. மறுநாள் அந்தச் சந்தோஷத்தோடு போன் செய்தார். மணி ரொம்ப நேரம் அடித்து, யாரோ எடுத்தார்கள்.

“அப்பா, நான்தான்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “ம்… சொல்லும்மா.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“தொண்டை கட்டிகிச்சு. நீ சொல்லு.”

நாடகக் கதையைச் சொன்னார். அப்பா வைத்துவிடவில்லை. “அந்த மூணாவது வசனம் என்ன, சொல்லிக் காட்டு” என்றார். சொல்லிக் காட்டி, அர்த்தமும் சொன்னார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வேறு ஆளாக இருந்தார். துடுப்பை எப்படிப் பிடிப்பது, தண்ணீரில் எவ்வளவு இறக்குவது, முதுகு காட்டி உட்கார்ந்தால் போகும் திசை எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டார். விளையாட்டுப் பக்கத் தாத்தாவுக்குச் சளி விட்டதா என்று விசாரித்தார். அப்பா முதலில் போனை வைத்ததே இல்லை. மகள் தூரத்தில் இருந்தால்தான் அப்பாக்களுக்குப் பேச வரும்போல என்று வீட்டம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார் அக்கா.

திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, பாட்டுக் குழுவில் தான் தனியாகப் பாடிய பகுதியைப் போனிலேயே பாடிக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து, “நல்லா இருந்துச்சும்மா. பத்திரமா வா.”

விமான நிலையத்தில் அம்மாவும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். அம்மா பாதியாக இளைத்திருந்தார். அக்கா அவர்களுக்குப் பின்னால் கூட்டத்தில் தேடினார். சித்தப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, “வாம்மா” என்றார்.

“அந்த ஒரு வார்த்தைதான்,” என்றார் அக்கா என்னிடம். “ஆறு மாசமா யாருகூடப் பேசினேன்னு அங்கேயே புரிஞ்சுபோச்சு. அப்பா எங்கன்னு நான் கேக்கவே இல்ல.”

நாடகம் நடந்த அந்தச் சனிக்கிழமை, டிப்போ படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. மகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வழியில்லை. வருடம் பாதியில் நின்றுபோகக் கூடாது, அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான் என்று அம்மா முடிவெடுத்தார். மகள் கேட்டால் அப்பா வெளியூர் டியூட்டியில் இருப்பதாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் போனைத் தற்செயலாக எடுத்தவர் சித்தப்பா. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். “அப்பா” என்று கூப்பிட்டது அக்காதான். அவர் மறுக்கவில்லை, அவ்வளவே.

வீட்டில் யாரும் தப்பு செய்ததாக அக்கா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்து அறையில் சித்தப்பா யாரிடமாவது பேசினால், அக்கா அப்பா என்றே நினைத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிடுவார். அதைப் பார்த்த சித்தப்பா, அவர் இருக்கும் இடத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். தலையாட்டல், கைஜாடை. பன்னிரண்டு வருடம் அப்படி. அக்காவின் கல்யாணத்திலும் வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றாரே தவிர வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டில் எழுதிய டைரி ஒன்று இருந்தது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு தேதிக்கு நேராகவும், அன்று வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். அவர் ஓட்டப் பந்தயத்தில் நான்காவதாக வந்த நாளில் அப்பாவின் சட்டைகளை அம்மா எடுத்து மடித்திருக்கிறார். படகுக் குழு படம் எடுத்துக்கொண்ட நாளில் டிப்போ பதிவேட்டிலிருந்து அப்பாவின் பெயரை அடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். அதைவிட மோசமான ஒன்று உண்டு என்றார். அப்பாவோடு தான் மனம்விட்டுப் பேசியதாக இன்றுவரை நினைவில் நிற்கும் பேச்சு எல்லாமே அப்பா இல்லாதபோது பேசியது. அவை நினைவுக்கு வரும்போது குரலோடு அப்பாவின் முகம்தான் வருகிறது. பிரித்தெடுக்க முடியவில்லை.

சித்தப்பா கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு இருந்தபோது அக்கா பார்க்கப் போனார். காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கண் மறைந்திருந்ததால்தானோ என்னவோ, அன்று பேசினார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்காகத்தான் பொய் சொன்னேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். முதல் வாரம் அப்படித்தான். அப்புறம் நான் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துகிட்டு இருந்தேன். எனக்கு யாரு இருக்கா? என்கிட்ட யாரும் அப்படிப் பேசினதில்ல.”

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“நான் பாடினப்போ யாரெல்லாம் கேட்டீங்க?”

“நானும் உங்கம்மாவும். ஆளுக்கு ஒரு பக்கமா காதை வெச்சிருந்தோம்.”

“துடுப்பு பிடிக்கிறது இன்னும் ஞாபகம் இருக்கா?”

சித்தப்பா போர்வைக்கு மேல் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக் காட்டினார். இடது மணிக்கட்டு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அக்கா அதைத் தூக்கிச் சரிசெய்தார். அன்றிலிருந்து சித்தப்பா அவரிடம் பேசினார், அளவாக. போனில் மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் சித்தப்பாவும் போய்விட்டார்.

இப்போது எங்கள் கல்லூரியிலிருந்து போகும் ஒவ்வொரு மாணவரும் கடைசியாக ஒரு தாளை நிரப்ப வேண்டும். அக்கா தானே சேர்த்த தாள் அது. வீட்டில் துக்கம் நடந்தால் உடனே சொல்ல வேண்டுமா, திரும்பி வந்தபின் சொல்லலாமா என்று மாணவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிளம்பும் நேரத்தில் இது என்ன பேச்சு என்று பெற்றவர்கள் முதல்வரிடம் போய் முறையிட்டதுண்டு. முதல்வர் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா நடந்ததைச் சொன்னாரோ என்னவோ, தாள் அப்படியே நிலைத்துவிட்டது.

போன மாதம் ஒரு பெண் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“தெரியலம்மா. இத்தனை வருஷமா யோசிக்கிறேன்.”

அந்தப் பெண் ஏதோ எழுதி, மடித்துக் கொடுத்தாள். அக்கா அதைப் பிரிக்காமல் கோப்பில் வைத்துவிட்டு, அங்கே போனதும் முதல் வாரமே எந்தெந்தக் குழுவில் சேரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.