ஏறாத கை

என்ட அப்பா இரட்சிக்கப்பட்டுட்டார். இதை நான் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லுவார். சந்தையில மீன் வாங்க நிக்கிறவனைப் பிடிச்சு வைச்சும் சொல்லுவார். துறைமுகத்தில கப்பல் இழுக்கிற இழுவைப் படகில வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன். வேலை செய்த காலம் முழுக்கக் குடி. வருத்தம் வந்து பாயில கிடந்த நேரம், எங்கட ஒழுங்கையில இருக்கிற சின்னச் சபைக்காரர் வந்து ஜெபிச்சினம். எழும்பி நடந்தார், கடலில முழுகி ஞானஸ்நானம் எடுத்தார், குடியை விட்டார். விட்டது உண்மை. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அம்மா மட்டும் பழையபடி மாதா கோயிலுக்குத்தான் போறவ.

எனக்குப் பத்திக்கொண்டு வாறது அவர் சாட்சி சொல்லேக்கதான். சாட்சி எண்டால், சபைக்கு முன்னால எழும்பி நிண்டு, ஆண்டவர் தன்னை எந்தக் கிடங்குக்குள்ள இருந்து தூக்கினவர் எண்டு சொல்லுறது. கிடங்கு ஆழமா இருந்தால் சாட்சியும் நல்லா இருக்கும். அப்பாட கிடங்கு நல்ல ஆழம். "நான் குடிகாரன். என்ட மனிசியின்ட கையை முறிச்ச பாவி. நான் செய்த நன்மை எண்டு ஒண்டும் இல்லை. விசுவாசிச்சன், ஆண்டவர் மன்னிச்சார்" எண்டுவார். சனம் ஸ்தோத்திரம் சொல்லும். சில பொம்பிளையள் கண்ணைத் துடைப்பினம். இந்தச் சாட்சிக்கு நிலாவெளியில இருந்தும் அழைப்பு வரும், ஈச்சிலம்பற்றில இருந்தும் வரும். கண்டறியாத சாட்சி.

முறிச்ச கதை பொய்யில்லை. நான் பள்ளிக்கூடம் போற காலத்தில ஒரு பின்னேரம், குடிச்சிட்டு வந்து, குசினி வாசல்ல வைச்சு அம்மாட இடக்கையைப் பின்னால முறுக்கி இழுத்தார். தோள்மூட்டோட போச்சு. கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன் எண்டுதான் அம்மா ஆஸ்பத்திரியில சொன்னவ. எலும்பு ஒட்டினது, கை சரிவரேல்லை. நெஞ்சுக்கு மேல ஏறாது. துணி காயப்போடுற கொடியை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினது நான். அம்மாக்குத் தன்ட தலையைத் தானே இழுத்துக் கட்ட ஏலாது. அதனால நான் கலியாணம் முடிச்சும் அதே ஒழுங்கையிலதான் வீடு எடுத்தனான். கந்தோர் வேலைக்குப் போக முன்னம் வந்து அம்மாட தலையைச் சீவிக் கொண்டை போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவன். ஞாயிற்றுக்கிழமை எண்டால் பூசைக்கு நேரத்தோட வருவன். அப்பா முன் கதிரையில இருந்து வேதம் வாசிச்சுக்கொண்டிருப்பார். நாங்கள் சீவுறதை ஒவ்வொரு நாளும் பாக்கிறவர்.

சாட்சி சொல்லப் போக வெள்ளைச் சேட்டு வேணும். அதைத் தோய்க்கிறது ஆர்? அம்மா. பலகையில போட்டு வலக்கையால தேய்ச்சு, இடக்கை விரலால பிடிச்சுப் பிழிஞ்சு, தாழக் கட்டின கொடியில போடுவா. தாழக் கட்டினதால எங்கட ஊர் ரோட்டில மாடு மாதிரித் திரியிற மான்கள் வந்து சப்பிப் போடும். காயுமட்டும் ஈர்க்குத் தடியோட காவலிருப்பா. பிறகு அயன் பண்ணுவா. முறிச்ச கையால தோய்ச்ச சேட்டைப் போட்டுக்கொண்டு போய், கையை முறிச்ச கதையைச் சொல்லி, ஊர் ஊரா நல்ல பேர் எடுத்துக்கொண்டு வருவார் எங்கட அப்பா. எனக்கு வயிறு எரியாமல் வேற என்ன செய்யும்?

இவ்வளவு ஊருக்குச் சொன்ன மனிசன், அம்மாட்டை ஒரு நாளும் "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" எண்டு கேக்கேல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்லுத்தான். ஒருக்கால் நேரவே கேட்டன்.

"அம்மாட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ அப்பா?"

"அதெல்லாம் சிலுவையில முடிஞ்ச விசயம், பிள்ளை" எண்டு போட்டு வேதத்தைத் திருப்பினார்.

முடிஞ்சுதாம். ஆருக்கு முடிஞ்சது?

அந்தச் சபைப் பாஸ்டர் கூடாத ஆள் எண்டு சொல்ல மாட்டன். என்னிலும் இளமை, மரியாதையான கதை. வீட்டுக்கு வந்தால் அம்மா பிளேன்ரீ போட்டுக் குடுப்பா. ஒரு நாள் அதைக் குடிச்சுக்கொண்டே என்னட்டைச் சொன்னார், "அம்மா எவ்வளவு நல்லவ எண்டு எனக்குத் தெரியும். வருத்தக்காரரைப் பாக்கிறா, இல்லாத வீட்டுக்குச் சோறு குடுக்கிறா. ஆனா நல்லது செய்து ஒருத்தரும் கரையேற ஏலாது. இரட்சிப்புச் சம்பளம் இல்லை அக்கா, இனாம். கையை நீட்டி வாங்கிறது மட்டும்தான் எங்கட வேலை." அம்மா சிரிச்சுக்கொண்டு கோப்பையை எடுத்துக்கொண்டு போனா. எனக்கு அந்தக் கோப்பையைப் பறிச்சு எறியவேணும் போல இருந்தது. குடிச்ச தேத்தண்ணியும் ஒரு நன்மைதானே, அது மட்டும் தொண்டைக்குள்ள இறங்கினதோ?

சரி, கடவுள் இனாமாக் குடுக்கட்டும். அவற்ற பொருள், அவற்ற விருப்பம். நான் அதைக் கேள்வி கேக்க வரேல்லை. ஆனா முறிஞ்சது கடவுளின்ட தோள் இல்லையே.

போன வருசம் நிலாவெளியில பெரிய கூட்டம். இந்த முறை மனிசியையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லிக் கேட்டவையாம். நான் போகவேண்டாம் எண்டன். அம்மா, "ஒருக்காலாவது போய்க் கேப்பம், என்னதான் சொல்லுறார் எண்டு" எண்டா. அவவைத் தனிய விட எனக்கு மனமில்லை, பாஸ்டர் கூட்டிக்கொண்டு போக வந்த வான் வண்டியில நானும் ஏறினன்.

மண்டபம் நிறையச் சனம். அப்பா மைக்கைப் பிடிச்சார். குடி, அடி, கை முறிஞ்சது, வருத்தம், விசுவாசம், எல்லாம் ஒழுங்கா வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை பாடமாக்கின மாதிரி ஒரு சொல்லும் தப்பேல்லை. பிறகு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார். அம்மா ஏறிப் பக்கத்தில நிண்டா. "இதுதான் நான் முறிச்ச கை" எண்டார். சனம் ஆண்டவரே எண்டது. "இப்ப எல்லாரும் ரெண்டு கையையும் உயர்த்தி ஆண்டவரைத் துதிப்பம்" எண்டார். மண்டபத்தில இருந்த அவ்வளவு கையும் மேல போச்சு. அம்மாட வலக்கை போச்சு. இடக்கை நெஞ்சோட நிண்டது.

அப்பா திரும்பிப் பாத்தார். "மற்றக் கையையும் உயர்த்தும்" எண்டார். அவ வெக்கப்படுறா எண்டு நினைச்சாரோ என்னவோ, சிரிச்சுக்கொண்டு அம்மாட முழங்கையில பிடிச்சு மேல தூக்கினார்.

அம்மா கத்தேல்லை. கண்ணை இறுக்கி மூடினா, முகம் வெளிறிப்போச்சு. பிறகு மைக்குக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய், சாதாரணமா, கடைக்காரனுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னா. "இந்தக் கை ஏறாது."

உயர்த்தின கையெல்லாம் ஒண்டொண்டா இறங்கினது. எத்தினை மேடையில அந்தக் கையின்ட கதையைச் சொல்லிப்போட்டார். அந்தக் கை ஏறாது எண்டு அவருக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே குசினி, தினமும் கண்ணுக்கு முன்னால தலை சீவுறம், தெரியாது. பாட்டுக்காரர் அவசரமா ஒரு பாட்டைத் தொடங்கிச் சமாளிச்சினம்.

திரும்பி வரேக்க அப்பா வானில முன்னுக்கு இருந்து ரோட்டையே பாத்துக்கொண்டு வந்தார். பாஸ்டர் என்னட்டைத் திரும்பி, "கோவிக்காதேங்கோ அக்கா" எண்டார்.

"கோவிக்காமல்? கையை நீட்டி வாங்கினால் போதும் எண்டு சொன்னனீங்கள். வாங்கிப்போட்டு வீட்டில ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?"

"செய்து மீட்பை வாங்க ஏலாது அக்கா. அதில நான் மாறமாட்டன். ஆனா உண்மையா விசுவாசம் வந்தால் செய்கை தன்பாட்டில வரவேணும்."

"எப்ப வரும்?"

"எனக்குத் தெரியாது" எண்டார். அந்த ஒரு மறுமொழிக்காக அந்தாளை நான் இப்பவும் மதிக்கிறன். அம்மா யன்னல் பக்கம் இருந்து தன்ட தோளைத் தடவிக்கொண்டு வந்தா.

அடுத்த ஞாயிறு விடிய நான் சீப்போட போறன், அப்பா அலுமாரியைக் கிண்டிக்கொண்டு நிக்கிறார். "சேட்டு எங்க?"

"ஊத்தைக் கூடையில" எண்டா அம்மா, கதிரையில இருந்தபடி.

"தோய்க்கேல்லையோ?"

"செய்யிறதால ஒண்டும் வராது எண்டு நீங்கள்தானே ஊர் ஊராச் சொல்லுறியள். நானும் விசுவாசிச்சுப் பாப்பம் எண்டு விட்டுட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அப்பாக்கு வரேல்லை. பழைய ஆள் எண்டால் கூடை பறந்திருக்கும். இவர் நிண்டார். அலுமாரியைச் சாத்திப்போட்டுக் கிட்ட வந்தார். "எவ்வளவுக்கு ஏறும்?" எண்டார்.

அம்மா கையைத் தூக்கிக் காட்டினா. நெஞ்சு மட்டும் வந்து நிண்டது. அவர் அதைப் பாத்தார். நான் அவற்ற வாயைப் பாத்தன். இப்ப கேப்பார், இப்ப அந்தச் சொல்லு வரும் எண்டு.

"நான் ஜெபிக்கிறன்" எண்டார் அப்பா.

எனக்கு வந்த விசருக்கு வாய் திறந்திருப்பன். அம்மா முந்திக்கொண்டா. என்ட கையில இருந்த சீப்பை வாங்கி அவரிட்டை நீட்டினா. "ஜெபம் வேண்டாம். மன்னிப்பு உங்களுக்கு அங்க கிடைச்சதெண்டால் கிடைச்சதுதான், நான் மறிக்கேல்லை. இஞ்ச இன்னும் குடுக்கேல்லை. முதல்ல தலையைக் கட்டிவிடுங்கோ."

கப்பலைக் கட்டி இழுத்த மனிசனுக்கு ஒரு கொண்டை போடத் தெரியேல்லை. சிக்கில இழுத்தார், கொண்டை ஊசியைத் தவறவிட்டார், காதுக்குக் கிட்டக் கோணலா ஒரு முடிச்சுப் போட்டார். அந்தச் சொல்லு மட்டும் வரேல்லை. என்ட கோவம் தணிஞ்சுது எண்டு ஆரும் நினைக்கவேண்டாம். அது இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்கு.

அம்மா அந்தக் கோணல் கொண்டையோட பூசைக்கு வெளிக்கிட்டா. கோயில் படியில ஏறேக்கையே அது அவிழ்ந்து முதுகில விழுந்தது. நான் கட்டிவிடுவம் எண்டு கையைக் கொண்டுபோனன்.

"விடு பிள்ளை" எண்டா அம்மா. "வீட்டை போனாப்பிறகு அவரே கட்டட்டும்."