வெறும் வயிற்றோடு அனுப்பாத ஊர்

திருப்பூரில் நாயைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்த எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நம் ஊரில் நாய் வாசலில் தலை காட்டினால் முதலில் கல் போகும், அதன் பின்னாலேயே வசவு போகும். நாய்க்காரனும் வசவோடு வந்து நிற்பான். இங்கே மண்ணரையில் நாங்கள் சாமான்களை இறக்கிய அன்று, வாசலில் காய வைத்திருந்த அரிசியில் வாய் வைக்க வந்த ஒரு நாயிடம், "அக்கட்டால போ சாமி" என்றாள் ஒருத்தி. நாயும் போயிற்று. சாமி என்று யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். தெருவில் நாயைத் தவிர ஒருவரும் இல்லை.

அவள்தான் மயிலாத்தாள். நாங்கள் குடிவந்த வரிசை வீட்டுக்குச் சொந்தக்காரி. என்னைவிட இளையவள். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் தறி போட்டு, பிறகு பனியனுக்கு மாறிய குடும்பம். முருகனைத் தவிர வேறு பேச்சில்லை. அன்று மத்தியானம் நான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஒரு தூக்குப்போசியோடு வந்து நின்றாள். போசி என்றால் இங்கே பாத்திரம். அவள் பெயர் வெட்டிய போசி. திறந்தால் அரிசிம்பருப்புச் சோறு: அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேக, மேலே நெய் மினுங்க, சின்ன வெங்காயம் முழுசு முழுசாக, நடுவில் தேங்காய்ச் சில். "வந்தவிய வெறும் வயித்தோட இருக்கக் கூடாதுங்க்கா. உண்ணுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலைக்கு அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் முதல் நாள் போனார்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்திலும் வழக்கமில்லை, இங்கேயும் வழக்கமில்லை. நான் ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த நெத்திலிக் கருவாட்டைப் போசி நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கேட்டேன், "எப்படித்தா இருந்துச்சு?" "சும்மா கமகமன்னு இருந்துச்சுங்க்கா." அந்தப் பேச்சில் குளிர்ந்து போய், ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவளுக்கென்று கருவாடு கட்டி வந்தேன். பல வருசம் கழித்து, அந்த வீட்டில் யாரும் கவிச்சியைத் தொட மாட்டார்கள் என்று பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இத்தனை கருவாடும் எங்கேதான் போயிற்று என்று அவளிடமே கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மேக்கால ஊட்டுப் பூனைக்குங்க்கா. நீங்க ஆசையாக் குடுத்தீங்க. வேண்டாமுன்னா உங்க மனசு நோவாதுங்களா?" அன்று நானும் சிரித்தேன். மனசு நோகக்கூடாது என்று இத்தனை வருசம் பொய் சொன்னவளை, உண்மையைச் சொல்லி மனசை நோகடிக்கிற நம் ஊர்ச் சொந்தத்தைவிட மேலாக நினைத்தேன். அவளை அக்கா தங்கச்சி முறையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, மகள் ஊரில் கட்டிக்கொண்டு போன பிறகு, எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது மயிலாத்தாளும் பிசிறும்தான்.

பிசிறு என் நாய். கம்பெனியில் எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரித்துக் கத்தரித்துப் போடுவோம். அந்த வேஸ்ட் மூட்டைக்குள் ஒருநாள் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வெட்டிப் போட்ட நூல் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பொட்டை. என் வாசலும் மயிலாத்தாள் வாசலும் ஒரே படி. அந்தப் படியில் தலையை என் பக்கமும் வாலை அவள் பக்கமும் வைத்துப் படுக்கும். நான் வேலைக்குப் போனால் அவள் சோறு வைப்பாள். அரிசிம்பருப்பு என்றால் அதற்கு உயிர்.

போன ஐப்பசியில் கம்பெனி வேன் ஒன்று பின்னால் எடுக்கும்போது பிசிறின் பின்னங்காலில் ஏறிவிட்டது. ஒரு தடவைதான் கத்தியது. பிறகு நொண்டிக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்துகொண்டது. நான் மூங்கில் தப்பை வைத்து, பனியன் துணியைக் கிழித்துக் கட்டினேன். பிசிறு அழவில்லை, சிணுங்கவில்லை. வலி இல்லை போலும் என்று நினைத்தேன். கால் வீங்கியதும்தான் நானும் மயிலாத்தாளும் ஆட்டோ பிடித்து, முதலிபாளையம் போகும் ரோட்டில் உள்ள ஒரு நாய் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். படம் எடுத்துப் பார்த்து, தொடை எலும்பு இரண்டாகக் கிடக்கிறது, கம்பி வைக்க வேண்டும் என்றார்.

"அழவே இல்லையே டாக்டரு" என்றேன்.

"நாய் வலியக் காட்டாதுங்க அம்மா. பாருங்க, காத மடிச்சு வெச்சிருக்குது. வெயிலே இல்ல, மூச்சு வாங்குது. படுக்க முடியாம உக்காந்தே இருக்குது. இது எல்லாம் வலிதானுங்க" என்றார். ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பிசிறு காலை நீட்டி, என் செருப்பின் மேல் முகத்தை வைத்து, குறட்டை விட்டுத் தூங்கியது. மயக்கமா என்று பயந்தேன். "மயக்கம் இல்லீங்க. வலி விட்டுருச்சு, அதான் தூங்குது" என்றார் டாக்டர். அடிபட்டதிலிருந்து அது கண் மூடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலுக்கு நாம் போடுகிற மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா என்று மயிலாத்தாள் கேட்டாள். கூடவே கூடாது, மனுசர் மாத்திரை நாயைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர். "செரீங்க, செரீங்க" என்று தலையாட்டினாள்.

கம்பி வைக்க நாள் குறித்தபோது டாக்டர் ஒன்றே ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். முதல் நாள் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு வயிற்றுக்குள் ஒன்றும் போகக் கூடாது. மயக்க ஊசி போட்டால் தொண்டைக்குக் காவல் இருக்காது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி, மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலை அடைத்துவிடும். காலுக்காக வந்த நாய் உயிரை விட்டுவிட்டுப் போகும். நான் அதிகம் படிக்காதவள். பஸ் போர்டும் பேப்பரில் கொட்டை எழுத்தும் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொள்வேன். கம்பெனியில் என் மேஜையிலிருந்து போன பனியனில் ஒரு நூல் தொங்கியது என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் மயிலாத்தாளிடம் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன்.

"பட்டினியாவா கூட்டிட்டுப் போறீங்க? வாயில்லாத சீவனுங்க்கா. பாவமில்லீங்களா?"

"வயித்துல சோறு இருந்தாத்தான்டி பாவம். செத்துப்போகும்னு சொல்றேன்ல."

"செரீங்க்கா" என்றாள்.

ஆபரேசன் அன்று காலையில், லீவு சொல்லக் கம்பெனி வரைக்கும் போய்விட்டு வந்தேன். பிசிறு அவள் பக்கத்துப் படியில் இருந்தது. நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றது. "ஏய் மயிலு, எதுவும் வச்சியா?" என்று கேட்டேன். அவள் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே, "ஐயோ, நான் வெப்பனுங்களா? தண்ணிகூடக் காட்டுலீங்க்கா" என்றாள். அவள் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. நெற்றியில் திருநீறு, வாயில் சிரிப்பு. நான் நம்பினேன். நம்பாமல் இருக்க அதுவரை எனக்கு ஒரு காரணமும் இல்லை. கருவாட்டுக் கதையை அன்று நான் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

துணைக்கு அவளும் வந்தாள். மேஜை மேல் பிசிறைத் தூக்கி வைத்தோம். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒண்ணும் குடுக்கலீங்களே அம்மா? குடுத்திருந்தாச் சொல்லுங்க, இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகாது" என்றார்.

"ஒரு பருக்கை போகல டாக்டரு. என் வாக்கு" என்றேன்.

டாக்டர் மயிலாத்தாளையும் பார்த்தார். அவள் சுவரோரப் பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆமாங்க டாக்டரம்மா. அக்கா ஒண்ணுமே வெக்கலீங்க" என்றாள்.

முதல் ஊசியில் பிசிறின் கண் சொருகியது. தலையை நான்தான் பிடித்திருந்தேன். காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, "ஒண்ணும் இல்லத்தா, தூங்கி முழிச்சா கால் சரியாயிரும்" என்று சொன்னேன். இரண்டாவது ஊசி நரம்பில் ஏறியது. உடம்பு துணி மாதிரி தளர்ந்தது. வாய்க்குள் குழாய் விடுவதற்காக டாக்டர் தாடையைத் திறந்தார். அந்த நேரத்தில் வயிறு ஒரு தரம் எக்கியது. அவ்வளவும் வந்தது. டாக்டர் கத்தினார், யாரோ ஓடி வந்து தலையைக் கீழே சாய்த்தார்கள், உறிஞ்சுகிற மெசினை வைத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் நகரவில்லை. என் கையில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் சோறு. குழையாமல் நின்ற துவரம்பருப்பு. முழுசாக ஒரு சின்ன வெங்காயம். தேங்காய்ச் சில். நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சமைப்பதில்லை. என் வீட்டில் அதை நான் ஒருநாளும் ஆக்கியதில்லை.

பிசிறின் மூச்சு கொஞ்ச நேரம் வந்து வந்து போயிற்று. பிறகு வரவில்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கோபப்படவில்லை. "பரவால்லீங்க அம்மா. பெரியவங்க, பாவம் பாத்துக் கொஞ்சூண்டு குடுத்துருவீங்க. நான் இன்னும் நல்லாச் சொல்லியிருக்கோணும்" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது. என் வாக்கை ஒரு கிழவியின் பொய்யாக அவர் எண்ணிவிட்டார், அந்தப் பொய்யை மன்னிக்கவும் செய்துவிட்டார். நான் மயிலாத்தாளைப் பார்த்தேன். இப்போதாவது வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் பையின் காதைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளைக் காட்டிக் கொடுத்து என் வாக்கை மீட்க எனக்கு மனம் வரவில்லை. அவளாகச் சொன்னால்தான் அது மீட்சி.

பிசிறை ஒரு பனியன் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தோம். பாதி வழியில் கேட்டேன், "ஏன்டி வச்ச?"

அழ ஆரம்பித்தாள். "பசியோட எப்படிங்க்கா அனுப்பறது? எங்கூட்டுல மாட்டச் சந்தைக்கு ஓட்டறதுன்னாக்கூட ஒரு வாய் புண்ணாக்கு வெச்சுத்தான் ஓட்டுவோமுங்க. ரண்டு வாய்தானுங்க வெச்சேன். அது என்ன பண்ணீரும்னு நெனச்சனுங்."

"சரி, வச்ச. அங்க பெஞ்சுல உக்காந்திருந்தேல்ல? அந்தப் புள்ள கேட்டுச்சுல்ல? அப்பச் சொல்றதுக்கு என்னடி? திரும்பிக் கூட்டிட்டு வந்திருப்பேன்ல?"

"எப்படிங்க்கா சொல்றது? நீங்க வாக்குனு சொல்லிப்போட்டீங்க. நாலு பேரு முன்னால உங்களுக்கு மருவாதக் கொறச்சல் ஆயிருமில்லீங்களா?"

ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது. சோறு வைத்ததை நான் மன்னித்துவிடுவேன். அது அவள் கைப்பழக்கம். என் மரியாதைக்காக என் நாயைச் சாகவிட்டேன் என்று ஒருத்தி அழுதுகொண்டே சொல்கிறாள், அதை எந்தக் கணக்கில் வைப்பது? நம் ஊர்க்காரி எவளாவது இருந்திருந்தால், "அட கூறுகெட்டவளே, நான்தான்டி வச்சேன், ஊசியை நிறுத்துங்க" என்று அங்கேயே கத்தியிருப்பாள். நாலு பேர் முன்னால் எனக்கு மானம் போயிருக்கும். பிசிறு இருந்திருக்கும். அந்த முரட்டு வாய்க்குப் பயந்துதானே இந்த இனிப்பு வாயிடம் இத்தனை காலம் ஒட்டிக் கிடந்தேன் என்று நினைத்தபோது, ஏமாற்றியது அவள் மட்டும்தானா, இந்த ஊரே சேர்ந்து செய்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால், அவள் இடத்தில், தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். எனக்கு இங்கே சொந்த மண் ஏது? குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் தூக்குப்போசியோடு நின்றாள். என் வீட்டுக்காரர் இறந்தபோதும் இப்படித்தான் நின்றாள். மூடியைத் திறக்காமலே வாசனை வந்துவிட்டது.

"உண்ணுங்க்கா. வெறும் வயித்தோட இருக்காதீங்க."

அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று நம் ஊர்ப் பேச்சிலேயே மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். கடைசியில், "வெச்சுட்டுப் போங்க" என்றேன். ஒருநாளும் நான் அவளை 'போங்க' என்றதில்லை. அவள் முகம் அறை வாங்கியதுபோல ஆயிற்று. போசியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

சோற்றை நான் தின்னவில்லை. தென்னை மரத்தடியில் வைத்தேன். பாத்திரத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தேன். இப்போது தை பிறந்துவிட்டது. மகள் ஊரிலிருந்து போன் போட்டு, "இன்னும் அங்க என்னத்தம்மா இருக்கு, கிளம்பி வந்துரு" என்கிறாள். போகலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் போசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமனே கொடுத்தால் உறவை அறுத்ததாக ஆகிவிடும். எதையாவது போட்டுக் கொடுத்தால் பிசிறு போனது சரிதான் என்று நானே சொன்னதாகிவிடும். தினமும் காலையில் அதை எடுத்துத் துடைக்கிறேன். அவள் பெயர் வெட்டிய இடத்தில் விரல் படுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறது. துடைத்து, திரும்பவும் என் சட்டி பானைகளுக்கு நடுவிலேயே கவிழ்த்து வைக்கிறேன்.